உட்கார்ந்தால் வலிக்காது

அனகாபுத்தூர்ச் சந்துகளில் ஆற்றுத் தண்ணீர் ஏறி வடிந்ததே, அந்த வாரம்தான் என் தொடை எலும்பு முறிந்தது. மாடம்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு வெள்ளமே வரவில்லை. வழுக்கவில்லை, தடுக்கவில்லை. பால் பாக்கெட் எடுக்க நாற்காலியை விட்டு எழுந்து திரும்பினேன்... அவ்வளவுதான்.

அதே காலில்தான் முன்பு இடுப்பு மூட்டைப் பாதி மாற்றியிருந்தார்கள். ஒரு பந்து, அதன் தண்டு தொடை எலும்புக்குள். இரும்பு வைத்த காலுக்கு என்ன ஆகிவிடும் என்று நானும் தெனாவெட்டாகத்தான் இருந்தேன்.

மாடியில் குடியிருக்கும் ஸ்டெல்லா டீச்சர் சத்தம் கேட்டு வந்து ஆம்புலன்ஸ் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார்.

“தண்டு நல்லா பிடிச்சிருந்தா தகடு வெச்சு, கம்பி சுத்தி முடிச்சிருப்பேன் பெரியவரே. இது உள்ளயே லூஸ் ஆயிருக்கு. பழசை எடுத்துட்டு நீளமான தண்டு போடணும். திரும்ப நடப்பீங்களான்னு இப்ப சொல்ல முடியாது... எழுந்திருக்கும்போது தொடை வலிச்சுதா?”

“வலிச்சுது சார். நாலு எட்டு வெச்சா வுட்டுடும்.”

“ரொம்ப நாளாவா? தண்டு லூஸ் ஆவுதுங்கறதுக்கு அதான் அடையாளம். யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?”

யாரிடம்?

என் மனைவி மரகதம் இருந்தவரை சொல்லும் வேலையே இல்லை. அடுப்படியில் இருந்தபடியே, “இன்னாய்யா, கால இழுத்துகினு வர்ற?” என்பாள். என் செருப்பு தேய்ந்ததைக்கூடச் சத்தத்திலேயே கண்டுபிடித்தவள். இப்போது மகன் குமார்தான் துபாயிலிருந்து ஞாயிறுதோறும் வீடியோவில் வருவான்.

“நைனா, நல்லாக்கீறியா?”

“நல்லாக்கீறேன்டா.”

பொய் இல்லை. உட்கார்ந்திருந்தால் வலிக்காது. போனில் நான் எப்போதும் உட்கார்ந்துதானே இருக்கிறேன்?

ஆபரேஷன் முடிந்து வாக்கரோடு வீடு வந்துவிட்டேன். போன ஞாயிறு குமார் கேட்டான்: “நைனா, போனை ஜன்னல்ல சாத்திட்டு எழுந்து நட. நான் பாக்கணும்.”

நடந்தேன். கதவு வரைக்கும்.

“இன்னா நைனா, கால இழுத்துகினு போற?”

அந்தக் கேள்வியைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றுவிட்டேன். திரும்பி ஜன்னலுக்கு வருவதற்குள் லைன் போய்விட்டது. இருந்தாலும் பதில் சொன்னேன் — ஆளில்லாத அடுப்படியைப் பார்த்து.

உங்களுக்குத் தெரிந்து, மூட்டில் பந்து வைத்துக்கொண்டு தனியாக இருப்பவர் யாராவது உண்டா? ‘நல்லா இருக்கீங்களா’ என்பதோடு விட்டுவிடாதீர்கள். எழுந்து நடக்கச் சொல்லிப் பாருங்கள். பக்கத்து வீட்டிலும் இதைச் சொல்லிவையுங்கள்.