சாமி மாலையும் சிவப்புப் புள்ளிகளும்

மலாயாவில், குளுவாங்கில் விவசாய இலாகாவில் வேலை பார்த்த காலத்தில், ஒரு ரப்பர்த் தோட்டத்துப் பூப்பாத்திகளை வரைபடமாக்கும் வேலை எனக்கு வந்தது. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பின்னால் கோயிலுக்கென்று பலரும் செண்டுமல்லி போட்டிருந்தார்கள். அதில் வாடல் நோய் விழுந்துவிட்டது. இன்று தளதளவென்று நிற்கும் செடி நாளை தலை தொங்கிவிடும். தண்டைக் கிள்ளினால் உள்ளே பழுப்பு. மண்ணில் வாழும் பூஞ்சணம் செய்யும் வேலை. செத்த பாத்தி ஒவ்வொன்றுக்கும் வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பேன்.

வாய்க்கால் தண்ணீர்தான் நோயைக் கொண்டுபோகிறது என்று முடிவுகட்டியிருந்தேன். தண்ணீர் ஏறாத மேட்டுப் பாத்திகளிலும் நோய் கண்டபோதாவது என் மூளை வேலை செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. வாய்க்காலை அடைக்கச் சொல்லி ஆட்களை விரட்டினேன். அன்று எனக்கிருந்த மிதப்பை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

ஒரே ஒரு பாத்தி மட்டும் பச்சையாக நின்றது. காய்ச்சலில் புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணின் பாத்தி அது. கை முடங்கிப்போனதால் அவளால் ரப்பர் மரத்தில் பால்வெட்ட முடியாது. கோயிலுக்குப் பூக் கொடுக்கிறாள் என்பதற்காகத்தான் தோட்ட மேலாளரான துரை அவளை லயத்தில் விட்டுவைத்திருந்தார்.

"இந்தப் பாத்தி போச்சுன்னா என்னைய லயத்த விட்டு எறக்கிருவாங்கய்யா" என்றாள். போகாது, நான் பொறுப்பு என்று சொன்னேன்.

வாய்க்காலை அடைத்த வாரம், வெள்ளிக்கிழமை பூசையில், பூசாரி எனக்கு மரியாதை செய்து சாமி கழுத்து மாலையைப் போட்டார். அதைக் கால்படும் இடத்தில் போடக்கூடாது, செடி மூட்டில் புதைப்பதுதான் இங்கே வழக்கம் என்றார்கள். நேரே அவள் பாத்திக்குப் போனேன். அவள் மாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுக்க, நானே குழி தோண்டிப் புதைத்தேன்.

மூன்றாம் வாரம் அந்த மூட்டுச் செடிதான் முதலில் தலை தொங்கியது.

அப்போதுதான் புத்தி வந்தது. வீடு வீடாக விசாரித்தேன். காம்பும் இலையுமாகக் கட்டிய பழைய மாலைகளைப் பூசாரி வெள்ளிதோறும் பூப்போடுகிறவர்களுக்குப் பங்கிடுவார். ஒருவர் பாத்தியின் நோய் இன்னொருவர் மண்ணுக்குப் போகும். மாலை போன வழியெல்லாம் என் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. அவளுக்கு மட்டும் பங்கு கிடையாது. அவள் வளர்த்த பூ ஆகும், தாலி இழந்தவள் சன்னதியில் வந்து கைநீட்டுவது ஆகாது என்று ஒதுக்கியிருந்தார்கள். அந்தக் கேடுகெட்ட ஒதுக்கல்தான் அவள் பாத்தியைக் காப்பாற்றி வந்திருக்கிறது. நான் இரக்கப்பட்டுக் கெடுத்தேன்.

எல்லாப் பாத்தியையும் பிடுங்கி எரிக்கும்படி நானே எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. துரையிடம் அவளுக்காகக் கெஞ்சினேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பக்கத்து ஊரான பாலோவில் தெரிந்தவர்கள் இருப்பதாகச் சொல்லித் துணிமூட்டையோடு அவள் கிளம்பிய அன்று, மாலையால் வந்த வினை, அதை வைத்தவன் நான் என்று சொல்லிவிட்டேன். அவள் மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"எனக்குன்னு சாமி மாலை கொண்டாந்தது நீங்க ஒருத்தர்தான்யா" என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.