மருந்துச் சட்டையோடு செய்த பெடல்

தாயில்பட்டி பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் வேலை எனக்கு. திருவிழாக் கச்சேரிகளில் கிடாரும் வாசிப்பேன். கிடார் ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல் ஒன்றை நானே செய்துவிட ஆசை. பிரவுசிங் சென்டரில் சர்க்யூட் படத்தைப் பிரிண்ட் எடுத்து, பழைய ரேடியோவிலிருந்து இரண்டு டிரான்சிஸ்டர்களைக் கழற்றி வைத்திருந்தேன்.

அன்று வேலை முடிந்து வந்தவன், ஆர்வத்தில் குளிக்காமலே உட்கார்ந்துவிட்டேன். சால்டரிங் அயர்ன் சூடேறி, முதல் சொட்டு ஈயம் உருகியது. அப்போது யாரோ பிளக்கைப் பிடுங்கினார்கள். திரும்பினால் என் மனைவி. அவளும் அதே கம்பெனியில் திரி சொருகுகிறவள்.

"கம்பெனிக்குள்ள செருப்பக்கூட கழட்டிப்போட்டுட்டுத்தான போறீக. வீட்டுல மட்டும் மருந்துச் சட்டையோட நெருப்பு முன்னால உக்காருவீகளோ?"

"இதுல ஏது நெருப்பு? சூடான கம்பிதான" என்றேன்.

அவள் என் சட்டையில் விரலைத் தேய்த்துக் காட்டினாள். விரல் நுனியில், மருந்தில் கலக்கிற அலுமினியப் பவுடர் மின்னியது. பிறகு தூளியைப் பார்த்தாள். என் முதுகுக்கு இரண்டடி பின்னால் எங்கள் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

எழுந்துபோய்க் குளித்தேன். மறுவாரம் பெடல் நன்றாகவே கரகரத்தது. ஆனால் அன்று தலையில் தண்ணீர் ஊற்றும்போது தெரிந்துகொண்டதுதான் மறக்கவில்லை. கம்பெனியில் அத்தனை வருடமும் நான் கவனமாக இருந்தது ஃபோர்மேனுக்குப் பயந்து. வீட்டில் ஃபோர்மேன் இல்லை.