ஓட்டமும் பிடியும்

ஐம்பது வயதில், ஐந்தருவிக்குக் குளிக்க வந்தவன் குளிக்காமல், நனைந்து நின்ற ஒரு தெருநாயை மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றி நின்றவர்கள் செல்போனில் படம் எடுத்தார்கள். அந்த ஈர ரோம வாடைதான் என்னை எங்கள் ஊரான திருவேங்கடத்துக்கு, பருத்திக்காட்டு ஓரத்து நாய்க்கொட்டடிக்கு இழுத்துப் போனது. இப்போது அங்கே சோலார் தகடுகள். வேப்பெண்ணெய் வாடையும் கம்பங்களி ஆவியும் சங்கிலி உரசும் சத்தமுமாகக் கிடந்த அந்தக் கொட்டடியில்தான், வேட்டைக்குப் பேர்போன கன்னி இன நாயின் ஓட்டமும் கோம்பை இன நாயின் பிடியும் ஒரே குட்டியில் வரவேண்டுமென்று அப்பா இரண்டையும் இணைசேர்த்துக் காத்துக்கிடந்தார். பிறந்தவள் செவலை. என் கை இடுக்கில் மூக்கை நுழைத்துக்கொண்டுதான் தூங்குவாள்.

வளர்ந்ததும் அப்பா அவளை முயலுக்குப் பின்னால் அவிழ்த்துவிட்டார். ஒரே மூச்சில் முயலை எட்டியவள், கடிக்காமல், வாலாட்டிக்கொண்டே அதோடு சேர்ந்து ஓடினாள்.

"முயலப் புடிக்கச் சொன்னா சேக்காளி புடிச்சிருக்கே, அண்ணாச்சி" என்று பக்கத்துக் காட்டுக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. மறுநாள் காய்கறி டெம்போவில் அவளை ஏற்றிப்போய், பாவூர்சத்திரம் சந்தையில் விட்டுவிட்டு வந்தார்.

வெறும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அழுத என்னிடம் சொன்னார்: "ஏலே, ஒண்ணுக்கும் ஒதவாதது வீட்டுக்கு ஒண்ணு போதும். ஒன்னைய வச்சிருக்கேம்லா."