லைனில் ஓடிய பின்னக் கணக்கு

அருள்புரத்து நாகஜோதி பாடம் எடுத்தால், பக்கத்துப் பனியன் கம்பெனியின் தையல் மெஷின்களெல்லாம் சத்தத்தை அடக்கிக்கொண்டு காது கொடுக்கும். இது கூட்டிச் சொன்னதுதான். அன்றைக்குக் கம்பெனியில் கரண்ட் போயிருந்தது. ஆனால் அவள் வகுப்பின் இரைச்சல் கம்பெனி வரை கேட்டது மட்டும் சத்தியம்.

நாகஜோதியின் பெற்றோர் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அம்மா ராக்கம்மாளுக்குக் கம்பெனியில் செக்கிங் வேலை: தைத்து வரும் பனியன்களில் ஓட்டையும் தையல் விட்ட இடமும் பார்த்து ஒதுக்க வேண்டும். மகள் கணக்கில் பட்டம் வாங்கி, பி.எட். சேர்ந்தாள். அன்றோடு வீட்டில் சாதாரணப் பேச்சு ஒழிந்தது.

கல்லூரியில் நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒரு பயிற்சி உண்டு. ஒரே ஒரு திறனை எடுத்துக்கொண்டு சில நிமிஷம் பாடம் நடத்த வேண்டும். எதிரே பிள்ளைகளாக உட்காருவதும் கூடப் படிக்கிறவர்கள்தான். தோழி விஜயராணி கன்னத்தில் கைவைத்து, ஒன்றும் விளங்காத பிள்ளையாக விழிப்பாள். நாகஜோதி ஒரு தடவை விளக்கியதும் சொல்லிவைத்தாற்போல் முகம் மலர்ந்துவிடும். அப்படிப்பட்ட பிள்ளைகள் அந்தக் கல்லூரிக்கு வெளியே எங்கும் பிறப்பதில்லை. பிறகு வலுவூட்டல் திறன் வந்தது. யார் பதில் சொன்னாலும் பாராட்ட வேண்டும். அது அவள் நாக்கிலேயே குடியேறிவிட்டது.

“அடியே, கொழம்புல உப்புப் போட மறந்துட்டேன்டி” என்றாள் ராக்கம்மாள் ஒருநாள்.

“மிக நன்று. வேறு யாராவது?”

“வேற யாரு, ஒங்கப்பனைத்தான் கேக்கணும்.”

கற்பித்தல் பயிற்சிக்கு அவளைப் பல்லடம் சாலையில் ஓர் அரசுப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஆறாம் வகுப்பு. அங்கே கணக்கு ஆசிரியர் இடம் காலியாக இருந்தது. கல்லூரியிலிருந்து பேராசிரியர் ஆறுமுகசாமி வந்து பார்த்து நல்லபடியாகச் சொன்னால், ஜூனில் பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாக அவளையே போட்டுக்கொள்வதாகத் தலைமையாசிரியை சாரதாமணி சொல்லியிருந்தார். இல்லையென்றால் அம்மாவுக்குப் பக்கத்து மேஜையில் செக்கிங்தான்.

நாகஜோதி குழுவாகக் கற்றலைத் தேர்ந்தெடுத்தாள். அதைப் பற்றிய பரீட்சைத் தாளில் வகுப்பிலேயே அவளுக்குத்தான் முதல் மார்க். பிள்ளைகளை நாலு நாலு பேராக உட்காரவைத்து, வேற்றினப் பின்னங்களைக் கூட்டச் சொன்னாள். முதல்நாள் அடிதடி. அடுத்த நாள் அமைதி. அதற்கடுத்த நாள், அவள் போர்டிலிருந்து திரும்புவதற்குள் விடை வந்து நின்றது. ‘மாணவர்கள் கலந்துரையாடுவர்’ என்று பாடத்திட்டத்தில் எழுதியிருந்தாள். வாயே திறக்காமல் கலந்துரையாடுகிறார்களே, என்ன முன்னேற்றம் என்று பூரித்துப்போனாள்.

பேராசிரியர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். மூன்றில் இரண்டும் நான்கில் ஒன்றும் கூட்ட வேண்டிய கணக்கு. நோட்டுகள் கை மாறிக் கை மாறி ஓடின. எல்லாக் குழுவிலும் பன்னிரண்டில் பதினொன்று. நாகஜோதி ‘மிக நன்று’களை வாரி இறைத்தாள்.

பேராசிரியர் எழுந்தார். “பேரென்ன கண்ணு?”

“சுரேந்தருங்க.”

“வா, இதே கணக்கை போர்டுல போடு பார்க்கலாம்.”

சுரேந்தர் பன்னிரண்டு என்று அழகாக எழுதி, அடிக்கோடு போட்டு, சாக்பீஸைத் தன் குழுவைப் பார்த்து நீட்டினான்.

“மீதி?”

“மீதி என்னுதில்லீங்க சார். நான் பொது மடங்கு மட்டுந்தாங்க. பெருக்கறது பிரபாகரு, கூட்டறது தரணி, மாரிச்செல்வம் செக்கிங்கு.”

“ஏன் சாமி அப்படி?”

“எங்கம்மா கம்பெனி லைன்ல இப்படித்தானுங்க, அப்பத்தான் பீஸ் வேகமாப் போகும். ஒரே ஆளு முழு பனியனும் தெச்சுட்டிருந்தா மொதலாளி உடுவாருங்களா?”

இதிலுள்ள நியாயத்தை ஒத்துக்கொண்டு வகுப்பே தலையாட்டியது. நாகஜோதிக்குக் காதெல்லாம் சுட்டது. பழக்கதோஷத்தில் வாய் மட்டும், “மிக நன்று” என்றது.

“எதுங்க நன்று?” என்று கேட்டார் பேராசிரியர்.

அப்போதுதான் அவளுக்கு அந்த வரி ஞாபகம் வந்தது: குழுவில் உறுப்பினர்களின் பங்குகள் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். பரீட்சையில் ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டு எழுதிய வரி. விடைத்தாளோடு கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

பாடத்திட்டத்தை மூடி வைத்தாள். “எல்லாரும் ஒரு எடம் தள்ளி உக்காருங்க. ஒவ்வொரு கணக்குக்கும் வேலை மாறும்!”

“டீச்சர், எனக்குக் கூட்டல் செட்டாகாதுங்க!”

“செக்கிங்ல இருந்தவனைப் பெருக்கச் சொன்னா எப்படி டீச்சர்?”

“டேய், அது என்னோட வேலைடா!”

அதே கணக்கை மறுபடி கொடுத்தாள். மேலே இருந்ததை மேலோடும் கீழே இருந்ததைக் கீழோடும் கூட்டி, ஏழில் மூன்று என்று கொண்டுவந்தான் சுரேந்தர். வாய் நுனி வரை வந்த பாராட்டை நாகஜோதி விழுங்கினாள். அவன் பக்கத்தில் குனிந்து, “எப்படி வந்துச்சு? சொல்லு” என்றாள். அவன் சொன்னான், தரணி மறுத்தாள், பிரபாகர் பெஞ்சின் மேல் ஏறி நின்று விளக்கினான். மற்றக் குழுக்களிலும் இதே கூத்து.

சாரதாமணி பதறி வாசலுக்கு ஓடிவந்தார். “ஏனுங்க சார், என்னாச்சுங்க? இத்தனை சத்தம்?”

“இப்பத்தானுங்க கலந்துரையாடல் ஆரம்பிச்சிருக்குது” என்றார் பேராசிரியர்.

“அப்ப... ஜூன்ல?”

“மார்க்குல கை வெக்கத்தானுங்க போறேன். நீங்க ஆளை உட்டுறாதீங்க.”

நாகஜோதிக்குக் கால் தரையில் பாவவில்லை. “தேங்க்ஸ் சார்! இப்ப எல்லாப் பிள்ளைங்களுக்கும் முழுக் கணக்கும் தெரியும் சார்!” என்றாள்.

“எல்லாத்துக்கும் இல்லீங்க டீச்சர்” என்றாள் தரணி, நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே. “சுரேந்தருக்குப் பெருக்கவே வரலீங்க. மாரிச்செல்வம் இன்னும் விரலை உட்டுத்தான் எண்ணறான். நாங்க இன்னொரு ரவுண்டு சுத்தோணுங்க.”