அண்ணன் கொண்டுவந்த பழந்துணி மூட்டை

"அப்பா வருஷ நினைவுல படிக்க எல்லாரும் எழுதிட்டாங்க, நீங்களும் நாலு வரி எழுதுங்க அத்தை" என்று அண்ணன் மகள் ஒரு நோட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் படித்தது அஞ்சாவது. நாலு பேர் முன்னால் பேசக்கூட எனக்கு வராது. ஆனால் அண்ணனிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அவர் இருக்கும்போது வாய் வரவில்லை. அவருடைய வருஷ நினைவுக்கு வந்திருக்கும் உங்கள் முன்னால் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அண்ணன் பாரூர் ஏரித் தண்ணீர் பாயும் ஊரில், நெல்லும் கரும்பும் வைக்கிற குடும்பத்தில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது எனக்கு எட்டு வயது. என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பியதும், பிறகு காவேரிப்பட்டினத்தில் கட்டிக்கொடுத்ததும் அண்ணன்தான். அவருடைய கல்யாணமும் என் கல்யாணமும் ஒரே பந்தலில் நடந்தன.

மறு வருஷம் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் அண்ணி போய்விட்டார். குழந்தையை யாருக்காவது கொடுத்துவிடு என்றார்கள் சிலர். அண்ணியின் தங்கையைக் கட்டிக்கொள் என்றார்கள் சிலர். அண்ணன் இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த நர்சம்மாவிடம் பத்து நாள் நின்று எல்லாம் கற்றுக்கொண்டார். பாலை எப்படிக் காய்ச்சுவது, பால் புகட்டுகிற பாலாடையைக் கொதிதண்ணீரில் போட்டு எடுப்பது, குடித்ததும் தோளில் சாய்த்து ஏப்பம் வரும்வரை தட்டுவது, குளிக்க வைக்கும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாமல் இருப்பது. பிறகு குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு பஸ் ஏறி ஊருக்கு வந்தார்.

கரும்புத் தோட்டத்து மேட்டில் புங்க மரத்தில் சேலையால் தூரி கட்டி, குழந்தையை அதில் விட்டுவிட்டு அண்ணன் மடை திருப்புவார். அழுகை கேட்டால் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு ஓடிவருவார். வாய்க்காலில் துணி துவைக்கும் பெண்கள் பார்த்துச் சிரிப்பார்களாம். ஒருத்தி, "என்ன மாமா, உங்களுக்குப் பால் சொரக்குதா?" என்று கேட்டாளாம். "எனக்கெங்கம்மா சொரக்குது, எங்க லட்சுமிக்குச் சொரக்குது" என்று கட்டுத்தறியில் நின்ற மாட்டைக் காட்டினாராம். அப்படிச் சிரித்தவளே அடுத்த வருஷம் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, பால் குடித்தால் கக்குது மாமா, என்ன செய்யட்டும் என்று அண்ணனிடம் வந்து நின்றாள்.

இனி என் கதை. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் ஆக வேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் பெண் துணை இல்லை என்று மாமியார் என்னை அனுப்பவில்லை. மகன் பிறந்தான். தொட்டில் போடும் நாளில் தாய்மாமன் சீர் வர வேண்டும். வெள்ளிக் கொலுசு, அரைஞாண், புதுச் சட்டை எல்லாம் வரும் என்று என் புகுந்த வீட்டில் கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் பழமும் வெற்றிலைத் தட்டும் கொண்டுவந்து வைத்தார். கூடவே ஒரு மூட்டையையும் வைத்தார். நாத்தனார் முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தி எட்டிப் பார்த்தாள். மேலே முழுக்கப் பழைய வேட்டித் துணி.

"தாய்மாமன் சீர் கொண்டாந்தாரா, பாத்திரக்காரனுக்குப் போடறதக் கொண்டாந்தாரா?" என்றாள்.

கூடமே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். போகும்போது வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கொலுச வெள்ளாமை முடிஞ்சு போடறன் கண்ணு. கொலுசு புள்ளைக்கு என்ன பண்ணும்? இந்தத் துணிதான் ஒதவும். புதுத்துணில கஞ்சி இருக்கும், தையல் ஒறுத்தும். இது வேகவெச்சு வெயில்ல காயவெச்சது. அப்புறம் ஒண்ணு. வயித்தால போனாப் பாலை நிறுத்தச் சொல்லுவாங்க, நிறுத்தாத. சூடு போடச் சொல்லுவாங்க, உடாத. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிரு."

நான் தலையாட்டினேன். அவர் எப்போது கிளம்புவார் என்றுதான் மனசுக்குள் இருந்தது. அவர் தெரு முனை திரும்பியதும் அந்த மூட்டையைப் பிரிக்காமலே பரண்மேல் போட்டுவிட்டேன். இதைத்தான் நான் அவரிடம் சொல்லவே இல்லை. ஐந்து மாசம் அது பரணில் கிடந்தது. சந்தையில் வாங்கிய புதுச் சட்டைகளைத்தான் பிள்ளைக்குப் போட்டேன். இடுப்பிலும் கழுத்திலும் சிவந்து சிவந்து வந்தது. அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை.

ஐப்பசி மழையில் பிள்ளைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. மாந்தம் என்றார்கள். பால் கொடுத்தால் இன்னும் போகும் என்று மாமியார் நிறுத்தச் சொன்னார். நானும் ஒரு பகல் முழுக்க நிறுத்திவிட்டேன். பிள்ளையின் கண் உள்ளே போய்விட்டது. அழுதால் சத்தம் வரவில்லை. என் வீட்டுக்காரர் மண்டியில் இருந்தார். மறுநாள் காலையில் வயிற்றில் சூடு போடுகிற பெரியவரைக் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். அடுப்பில் ஊசி காய்ந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில் பிள்ளை மறுபடியும் நனைத்துவிட்டான். மழையில் ஒரு துணியும் காயவில்லை. மாற்ற வேறு ஒன்றும் இல்லாமல்தான் பரண் ஏறினேன், அண்ணன் சொன்னது ஞாபகம் வந்து இல்லை. மூட்டையைப் பிரித்தேன். சதுரம் சதுரமாகக் கிழித்து, அடுக்கி, நூல் கட்டி வைத்திருந்தார். ஓரம் தைக்காதது, மல்லிகைப் பூ மாதிரி மெத்தென்று இருந்தது. நடுவில் ஒரு பித்தளைப் பாலாடை. எல்லாவற்றுக்கும் அடியில், மஞ்சள் கயிறு சுற்றி, அரக்குச் சேலை ஒன்று. எங்கள் இரண்டு கல்யாணமும் ஒரே பந்தலில் நடந்ததே, அன்றைக்கு அண்ணி உடுத்திய கூறைச்சேலை அது. அண்ணன் மகள் தூங்கி வளர்ந்த தூரியும் அதுதான். அண்ணனிடம் இதைவிடப் பெரியது வேறு ஒன்றும் இல்லை. அதைத்தான் நான் கூடத்துச் சிரிப்புக்கு வெட்கப்பட்டுப் பரணில் எறிந்திருந்தேன்.

இறங்கிவந்து, பிள்ளைக்கு வேட்டித் துணி மாற்றி, அந்தச் சேலையில் சுற்றி, எல்லார் முன்னாலும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பால் கொடுத்தேன். சப்பக்கூடத் தெம்பில்லை. பீய்ச்சிப் பாலாடையில் சொட்டுச் சொட்டாக விட்டேன். அன்றுவரை மாமியாரை எதிர்த்து நான் வாய் திறந்ததில்லை.

"சூடு வேணாங்க அத்தை. எங்கண்ணன் உடக்கூடாதுன்னு சொல்லியிருக்குது. நான் ஆஸ்பத்திரிக்குப் போறன்."

"மூட்டை தூக்கியாந்த மாமன் பேச்சுத்தான் ஒனக்கு வேதமா?" என்று கேட்டுக்கொண்டே மாமியார் என் மடியில் கிடந்த சேலையின் தலைப்பை எடுத்துப் பார்த்தார். ஜரிகையைத் தடவினார்.

"இது கூறைச்சேலையாச்சே. யாருது?"

"எங்கண்ணியுதுங்க."

மாமியார் அந்தத் தலைப்பைப் பிள்ளைமேல் இழுத்துப் போர்த்தினார். பிறகு அந்தப் பெரியவரைப் பார்த்து, "நீங்க போயிட்டு வாங்க" என்றார். என் பக்கம் திரும்பி, "எந்திரி, பஸ்சு போயிரும்" என்றார். கிருஷ்ணகிரி வரை குடை பிடித்துக்கொண்டு அவரும் வந்தார். டாக்டர் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு நாள் பால் நிறுத்தியிருந்தால் சிரமம் என்றார். ஒரு வாரத்தில் பிள்ளை தேறினான். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சேலையில் தூரி கட்டியது மாமியார்தான். ஒரு முழம் உயரத்துக்கு மேல் கட்டக் கூடாது, பிள்ளை விழுந்தால் அடி படும் என்றார். அதுவும் அண்ணன் சொன்னதுதான். பஸ்ஸில் நான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

பொங்கலுக்கு அண்ணன் கொலுசோடு வந்தார். "துணி ஒதவுச்சா கண்ணு?" என்று கேட்டார். "அன்னிக்கே எடுத்துட்டன்ணா" என்று பொய் சொன்னேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு நிஜத்தைச் சொல்ல எனக்கு எப்படி வாய் வரும்?

அண்ணன் கடைசிவரை மறுமணம் செய்துகொள்ளவில்லை. மகளுக்கு ஓசூரில் கல்யாணம் ஆகி, மாப்பிள்ளைக்குக் கம்பெனி வேலை என்பதால், வயசான காலத்தில் ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளிக்கு, மகள் வீட்டுக்குப் போனார். அங்கே தாய் வீடு தூரத்தில் இருக்கிற சின்னப் பெண்கள் நிறைய. கன்னடம் பேசுகிறவர்கள் அஜ்ஜா என்றார்கள், தெலுங்குக்காரர்கள் தாத்தா என்றார்கள். அண்ணன் எல்லா வீட்டுக்கும் துணி கிழித்துக் கொடுத்தார். ஷிப்டு முடிந்து வரும் அப்பன்மார்களை நிறுத்திவைத்து, "கையக் கழுவிட்டுப் புள்ளையத் தூக்குப்பா. அவ ரெண்டு மணி நேரம் தூங்கட்டும். அதுதான் அவளுக்கு மருந்து" என்பார். படுக்கையில் விழுந்த பிறகும் விரல்கள் போர்வை ஓரத்தைக் கிழிக்கிற மாதிரி அசைந்துகொண்டே இருந்தன.

அவரை ராவும் பகலும் பார்த்துக்கொண்ட மகளுக்கும் மாப்பிள்ளைக்கும், முறைவைத்துக் கஞ்சி கொண்டுவந்த மூக்கண்டப்பள்ளிப் பெண்களுக்கும், வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து தோள் கொடுத்த பிள்ளைகளுக்கும், பாரூரிலிருந்து வண்டி பிடித்து வந்த சொந்தங்களுக்கும் இந்தத் தங்கை கைகூப்புகிறேன்.

அண்ணனுடைய வேட்டிகள் பதினொன்று இருந்தன. நிறைந்த ஆயுசு வாழ்ந்தவர் துணி, பிள்ளைகளுக்கு நல்லது. இந்த ஒரு வாரமாக உட்கார்ந்து சதுரமாகக் கிழித்து, வேகவைத்து, வெயிலில் காயவைத்து, சாப்பாட்டுப் பந்தல் வாசலில் கட்டுக் கட்டாக வைத்திருக்கிறேன். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறவர்கள் ஆளுக்கொரு கட்டு எடுத்துக்கொண்டு போங்கள். யார் சிரித்தாலும் பரவாயில்லை. பரண்மேல் மட்டும் போட்டுவிடாதீர்கள்.