பெயின் பெஞ்சு

பிறத்தியார் உடம்பில் நடப்பதை இங்கிலீஷில் எடுத்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். என்னைப் போல அரைகுறை இங்கிலீஷை வைத்துக்கொண்டு துரைகளிடமும் துரைசானிகளிடமும் காலம் தள்ளுகிறவர்களுக்கு என் கவலை புரியும். வாயைத் திறக்கும்முன் ஒரு பயம், மூடியபிறகு ஒரு பயம்.

மீதியை யார் சொல்வது?

ஆம்பூருக்குப் பக்கத்தில், தோல் மண்டிகளுக்கு நடுவே இருந்தது எங்கள் மிஷன் டிஸ்பென்சரி. டாக்டரம்மா சீமையிலிருந்து வந்தவர். அவர் கற்றுக்கொண்டது புஸ்தகத் தமிழ். "குடையுதும்மா", "சுருக்குனு கீது" என்று ஜனங்கள் சொன்னால் திருதிருவென்று விழிப்பார். அதனால் நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே எனக்கு ஒரு சொல்லைக் கற்றுக்கொடுத்தார்: பெயின். வலி இருந்தால் "ஹி ஹேஸ் பெயின்", இல்லாவிட்டால் "ஹி ஹேஸ் நோ பெயின்", பெண்பிள்ளை என்றால் "ஷி". சோறு வடிக்கும்போதுகூட முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன்.

காலையில் வரிசையில் நிற்கிறவர்களை ஒவ்வொருவராகக் கேட்பேன். வலி இருக்கிறவர்களுக்கு வலப்பக்கத்து பெஞ்சு. அவர்கள்தான் முதலில் உள்ளே போவார்கள். மற்றவர்களுக்கு இடப்பக்கம். பன்னிரண்டு மணிக்குள் முறை வந்தால் உண்டு, வராவிட்டால் மறுநாள். வலப்பக்கத்துக்கு 'பெயின் பெஞ்சு' என்று ஜனங்களே பேர் வைத்துவிட்டார்கள்.

தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கிற ஒரு பெண் வந்தாள். தோள் கழன்று விழுகிற மாதிரி இருக்கிறதாம். விரலெல்லாம் எறும்பு ஊர்கிறதாம். படுத்தால் யாரோ எலும்புக்குள் உட்கார்ந்து பட்டை இடிக்கிறார்களாம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உள்ளே திரும்பி, "ஷி ஹேஸ் பெயின்" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "இன்னாக்கா, நான் அவ்ளோ சொன்னேன், நீ இத்துனூண்டு சொல்றியே, மீதிய யாரு சொல்வாங்க?"

தர்த்

மண்டிக்காரர் வீட்டு அம்மா ஒருவர் திரை கட்டிய வண்டியில் வருவார். மார்பைத் தொட்டுக் காட்டி "தர்த்" என்பார். உருதுவில் அது வலி என்று எனக்குத் தெரியும், தெரு முழுக்கக் கேட்கிற சொல்தானே. உடனே பெயின் பெஞ்சு.

டாக்டரம்மா மூன்று தடவை குழாய் வைத்துப் பார்த்தார். ஒரு குறையும் தெரியவில்லை. வலி சரியாக எந்த இடத்தில் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். அந்த அம்மாவுடைய மகன் வியாபாரத்துக்குக் கப்பலேறியவன், ஒரு வருஷமாகக் கடுதாசி இல்லை என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் கேட்டேன், கேட்பதுதானே என் வேலை. அந்த அம்மா முகத்திரையைச் சரி செய்துகொண்டு மெதுவாகச் சொன்னார்: "ரங்கூன்ல இருக்குதுன்னு சொல்லும்மா."

வண்டிக்காரன்

ஒரு வருஷத்துக்குள் ஊர் முழுக்க அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டது. தலைமுடி கொட்டுகிறவர்கூட "பெயின்" என்று சொல்லிக்கொண்டு வலப்பக்கம் போய் உட்கார்ந்தார். எனக்கோ ஒரே பதைப்பு. உண்மையாகத் துடிக்கிற யாராவது பின்னால் நின்றுவிட்டால் பாவம் யாருக்கு?

ஒருநாள் காலில் சிரங்கோடு ஒரு கட்டைவண்டிக்காரன் வந்தான். நான் கேட்கும்முன்பே "ஐ ஹேஸ் பெயின்" என்று சலாம் போட்டான். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "வலி இல்லாம வலிக்குதுன்னு சொல்றியே, வலிக்கிறவன் இடத்தத் திருடுற மாதிரி இல்ல? வாய் கூசல?" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். அவன் சிரித்தான். "ஒரு வார்த்தைக்கு இவ்ளோ மரியாதன்னா யாருதான்க்கா கத்துக்க மாட்டாங்க?"

கோவிந்தன்

அந்த வண்டிக்காரனுக்கு அடுத்தாற்போல நின்றிருந்தவர் கோவிந்தன். வண்டியில் வரும் பச்சைத் தோல்களைத் தோளில் சுமந்து மண்டியில் இறக்குகிறவர். தோல் உராய்கிற கழுத்தோரத்தில் ஒரு புண். நடுவில் கரிபோல் கறுத்து, சுற்றிலும் உப்பியிருந்தது.

"வலிக்குதா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. மொதல்ல நமைச்சல் இருந்துச்சு. இப்ப அதுவும் கம்மி."

"கொஞ்சங்கூடவா இல்ல?"

"பொய் இன்னாத்துக்குக்கா சொல்றது? வலி இல்ல."

எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. வண்டிக்காரன் காதில் விழ வேண்டும் என்றே, "பார்த்துக்கோ, இவரு மனுஷன்! நல்ல மனுஷன்!" என்று சத்தமாகச் சொல்லி அவரை இடப்பக்கத்து பெஞ்சில் உட்கார வைத்தேன்.

அன்று கூட்டம் ஜாஸ்தி. பன்னிரண்டு மணிக்கு டாக்டரம்மா கைகழுவ எழுந்தார். வெளியே இன்னும் யாருக்காவது பெயின் உண்டா என்று வழக்கம்போலக் கேட்டார். எட்டிப் பார்த்தேன். கோவிந்தன் மட்டும்தான் உட்கார்ந்திருந்தார். "ஹி ஹேஸ் நோ பெயின்" என்றேன். கோவிந்தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிப் போய்விட்டார்.

மறுநாள் மண்டியில் லோடு வந்துவிட்டது, அவர் வரவில்லை. அதற்கும் மறுநாள் வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். கழுத்தும் முகமும் ஒன்றாக வீங்கி, கண் எது என்று தெரியவில்லை. ஜுரம் அனலாகக் கொதித்தது. டாக்டரம்மா ஊசி போட்டார், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். விளக்கு வைக்கும் நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. தம்முடைய புஸ்தகத் தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "தோல் சுமப்பவர்களுக்கு இந்தப் புண் வரும், இது வலிக்காது, இதை நான் உனக்குச் சொல்லியிருக்க வேண்டும்."

குப்பம்மா

கருமாதி முடிந்து ஒரு வாரம் கழித்துக் கோவிந்தனின் பெண்சாதி குப்பம்மா காய்ச்சல் என்று வந்தாள். வலி இருக்கிறதா என்று அவளிடம் என்னால் கேட்க முடியவில்லை. கையைப் பிடித்து வலப்பக்கம் உட்கார வைத்தேன். "எனக்கு ஒண்ணும் வலிக்கலக்கா" என்று எழுந்திருக்கப் பார்த்தாள்.

எத்தனை நாள்தான் மனசுக்குள் வைத்துக்கொண்டு சாவது? அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வண்டிக்காரனைப் பார்த்து நான் அப்படிக் கத்தியிராவிட்டால் உன் வீட்டுக்காரரும் ஒரு பொய் சொல்லியிருப்பார், முதலில் உள்ளே போயிருப்பார், பிழைத்தும் இருப்பார் என்றேன். அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்கு வூட்டுக்கு வந்து சொன்னாருக்கா, அத்தன பேர் எதிர்ல அந்தக்கா என்னிய நல்ல மனுஷன்னு சொல்லிச்சுன்னு, அவ்ளோ சந்தோஷமா சொன்னாரு."

டாக்டரம்மா சீமைக்குத் திரும்பும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போன சர்டிபிகேட்டில், இவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் கொஞ்சம்தான், ஆனால் அதில் ஒருநாளும் பிழை இருந்ததில்லை என்று எழுதியிருக்கிறது.