வீதிக் குழாயில் நனைந்த கை

கோயமுத்தூரில் எங்கள் வீதியை இப்போது கடப்பதற்கு யாராவது என் கையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பருத்தி மண்டி இருந்த இடத்தில் நாலு மாடித் துணிக்கடை. அதற்குள் படிக்கட்டே தானாக நகர்கிறது. ஜட்கா வண்டிகள் நின்ற மூலையில் நகைக்கடை. எல்லாம் எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. ஆனாலும் இந்த வீதிக்கு வந்ததிலேயே பெரிது எது என்றால் வீதிக் குழாய் என்றுதான் சொல்லுவேன்.

நாங்கள் காங்கேயம் பக்கம். அப்பாவின் தங்கையை, அதாவது என் அத்தையை, இந்த வீதியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அப்போது இங்கே கிணற்றுத் தண்ணீர் ஒரே உப்பு. பருப்பு வேகாது. நல்ல தண்ணீருக்கு அத்தை குடத்தோடு வெகுதூரம் நடப்பார். அதைப் பார்த்துவிட்டு வந்த அப்பா, "இன்னொரு புள்ளைய அந்த ஊருக்குக் குடுக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

பிறகுதான் மலையிலிருந்து சிறுவாணித் தண்ணீர் வந்தது. கரண்டும் வந்தது. அத்தையின் பிரசவத்துக்கு ஒத்தாசையாக நான் வந்திருந்த சமயம், சாயங்காலம் கம்பத்து விளக்கெல்லாம் ஒரே நேரத்தில் எரிவதைப் பார்க்கவே ஜன்னலில் நிற்பேன். விடிகாலையில் மில் சங்கு ஊதும். இந்த ஊரிலேயே இருந்துவிட வேண்டும் என்று ஆசை. எதிர்வீட்டிலிருந்து அவர்கள் பையனுக்கு என்னைப் பெண் கேட்டார்கள். அவரையும் எனக்குப் பிடித்திருந்தது. யாரிடம் சொல்வது?

அத்தைக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம் கழித்து அப்பா மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார். அரைமனசுதான். சம்பந்தம் முடிவாகும் வரை அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். குடித்தால் சம்மதம் என்று அர்த்தம். மாப்பிள்ளையின் அம்மா சொம்பை நீட்டியதும், "பொறவு பாத்துக்கலாமுங்க" என்று அப்பா எழுந்து வெளியே வந்துவிட்டார். அத்தை வீட்டு ஜன்னலிலிருந்து நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீதிக் குழாயில் அத்தை குடம் வைத்திருந்தார்.

"என்னுங்ணா, மொகமே செரியில்ல?"

"ஊடு நல்ல ஊடுதான், அம்மணி. தண்ணிய நெனச்சாத்தான் ரோசனையா இருக்குது."

"அவிய ஊட்டுல குடிக்கவேண்டாமுங்ணா. இது வீதித் தண்ணி. இதுல எவுரு சம்பந்தி?"

அப்பா சுற்றும்முற்றும் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார். நிமிர்ந்து நின்று யோசித்தார். மறுபடி குனிந்தார். மறுபடியும்.

குடத்தோடு நின்ற ஒரு பெண், "ஏனுங்க, எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

எதிர்வீட்டு வாசலிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா, கையில் அதே சொம்போடு, "இதுலயும் அந்தத் தண்ணிதானுங்க இருக்குது" என்றார்.

அப்பா துண்டால் மீசையைத் துடைத்துக்கொண்டார். "எளநியாட்ட இருக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே திரும்ப அந்த வீட்டுப் படியேறி, சொம்புக்குக் கை நீட்டினார்.

நான் அடுப்படிக்குள் ஓடிவிட்டேன். அத்தை குடத்தோடு வந்து பார்த்தபோது பருப்பு குழைய வெந்து பொங்கி, அடுப்பே அவிந்துபோயிருந்தது. அதை நான் கவனிக்கவே இல்லை. அத்தை ஒரு வார்த்தை திட்டவில்லை.